அக்காவின் பெயருக்கு விட்டிருந்த இடம்

போன ஈஸ்டர் அன்று விடியற்காலையில், சித்தூர் கல்லறைத் தோட்டத்தில், என் அக்கா புருஷனின் கல்லறைக் கல்மேல் நான் ஒரு சொட்டு அமிலம் விட்டேன். என்னை யாரும் விடச் சொல்லவில்லை.

நான் கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். என் தோள்பையில் ஒரு லென்ஸும், தண்ணீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொஞ்சம் ஊற்றிய சொட்டுக் குப்பியும் எப்போதும் இருக்கும். சிலர் மூக்குப்பொடி டப்பாவை விடமாட்டார்கள் அல்லவா, அதுபோல. கல் சுண்ணாம்புக்கல்லா, வேறா என்று தெரியவேண்டுமானால் ஒரு சொட்டு விட்டால் போதும். சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் பொங்கி நுரைக்கும். மற்றக் கல் சும்மா இருக்கும். வேலையில் இருந்த காலமெல்லாம் மாணவர்கள் அந்த நுரையைப் பார்த்து வாயைப் பிளப்பதை ரசித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு வாயைப் பிளக்க ஆளில்லை.

எங்கள் சபையின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். தோட்டம் மிஷன் காலத்தில் வாங்கியது. இப்போது இடம் இல்லை. அதனால் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே குழிதான். முதலில் போகிறவரின் பெயரைக் கல்லின் மேல்பாதியில் வெட்டி, கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டுவைப்பார்கள். இருப்பவர் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றி, பூ வைத்து, தன் பெயர் வரப்போகும் இடத்தையும் பார்த்துவிட்டுப் போவார். பல பெண்கள் அந்த வெற்றிடத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அதில் துக்கம் ஒன்றும் தெரியாது. ரயிலில் பக்கத்து சீட்டில் கைக்குட்டை போட்டு வைத்த மாதிரி ஒரு நிம்மதிதான் தெரியும்.

மாமா போய் முதல் ஈஸ்டர் அது. அக்கா புதுக்கல் வைத்திருந்தாள். கருப்பு, கண்ணாடி போலப் பளபளப்பு. மேலே அவர் பெயரும், ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற வரியும். கீழே வெற்றிடம். ஆராதனை முடிந்து சொந்தக்காரர்கள் கல்லைச் சுற்றி நின்றபோது, குப்பம் குவாரியில் வெட்டிய கிரானைட், ஆயிரம் வருஷத்துக்கு அசையாது என்று கடையில் சொன்னதை அக்கா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரலில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். கிரானைட்டில் மின்னும் மணிமணியான படிகம் ஒன்றும் அதில் இல்லை. அது நம் வீட்டு அடுப்பு மேடைகளில் போடும் கடப்பைக் கல். லென்ஸே வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரிந்தது. தெரிந்ததோடு நிறுத்தியிருக்கலாம். இது கிரானைட் இல்லை என்று சொன்னேன். பெரியப்பா மகன் ஒருவர் சிரித்தார்.

“வாத்தியாரு கல்லறையிலயும் கிளாஸ் எடுக்க வந்துட்டாருப்பா.”

நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைப் பைக்குள் கைவிட வைத்தது. எழுத்தின்மேல் விடக்கூடாது என்கிற அறிவு எனக்கு இருந்தது. அதனால் எழுத்தில்லாத இடமாகப் பார்த்து விட்டேன்.

நுரைத்தது. “கல்லு கொதிக்குது” என்று யாரோ சொன்னார்கள். பார்த்தீர்களா, சுண்ணாம்புக்கல் என்று நான் நிமிர்ந்தபோது அக்கா உட்கார்ந்து புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க ஈரம் பரவியது. ஈரம் காய்ந்ததும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு செத்து, சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு எழுந்தது. அவள் மறுபடியும் துடைத்தாள். பிறகு கையில் மிச்சமிருந்த சாமந்தியை எல்லாம் அந்த இடத்தில் குவித்துவிட்டு, மகளின் தோளைப் பிடித்து எழுந்து, என்னைப் பார்க்காமல் நடந்தாள்.

அதன்பின் நான் போன் செய்தால் எடுக்கவில்லை. சில வாரம் கழித்து அவள் மகள் பேசினாள். அம்மா ஒரு முடிவு சொல்லியிருக்கிறாள் மாமா என்றாள். தான் போனால் தன்னைச் சித்தூருக்குக் கொண்டுபோக வேண்டாம். தான் இருக்கும் ரேணிகுண்டாவிலேயே, ரயில்வேக்காரர்களுக்கு இருக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். எனக்காக அவர் கல்லை உடைக்கக்கூடாது, கறை விழுந்த இடத்தில் என் பேரும் வேண்டாம்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தவர்கள். ஒரு சொட்டில் நான் அவர்களைப் பிரித்துவிட்டேன்.

மாமா ரேணிகுண்டாவில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கல்லைப் பற்றி அவருக்கு ஓர் அக்கறையும் கிடையாது. ஆனால் எனக்கு வேலை கிடைத்த புதிதில், வண்டி வாங்க வசதியில்லாத காலத்தில், லீவு நாளெல்லாம் என்னைத் தன் புல்லட்டின் பின்னால் உட்காரவைத்துக் கல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். நான் சுத்தியலோடு பாறையில் ஏறினால் அவர் நிழலில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாளும் ‘முடிஞ்சுதா’ என்று கேட்டதில்லை.

ஒரு தடவை திருமலைக்குப் போகும் மலைப்பாதையில், சாலைக்காக வெட்டிய பாறைச் சுவரின் முன் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அந்த இடத்தைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருவார்கள். கீழே கிரானைட், பூமிக்குள் உருகிக் கிடந்து உறைந்த கல். அதன்மேல் தட்டுத்தட்டாக, புத்தகம் அடுக்கிய மாதிரி, வேறொரு கல். இரண்டும் தொடும் இடத்தில் ஒரு கோடு. கீழ்க்கல் உறைந்து, மலையாகி, வெயிலிலும் மழையிலும் தேய்ந்து தரையாகி, அந்தத் தரைமேல் ஒரு கடல் வந்து மணலைக் கொட்டியிருக்கிறது. அந்தத் தேய்மானத்துக்கு ஆன காலத்துக்கு அங்கே எந்தக் கல்லும் சாட்சி இல்லை. கோடு மட்டும்தான். மாமாவிடம் அந்தக் கோட்டில் கட்டைவிரலைக் கீழேயும் ஆள்காட்டி விரலை மேலேயும் வைக்கச் சொன்னேன். வைத்தார். உங்கள் இரண்டு விரலுக்கும் நடுவில் கோடிக்கணக்கான வருஷம் இருக்கிறது என்றேன்.

அவர் கொஞ்சநேரம் விரலை எடுக்கவில்லை. “அப்பிடியா மச்சான், கையில ஒண்ணும் தெரியலியே,” என்றார். பிறகு கைக்குட்டையால் அந்த இடத்தில் தன் விரல் அழுக்கைத் துடைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

தொட்ட கல்லைத் துடைத்துவிட்டு வந்த மனிதர். அவர் கல்மேல்தான் நான் அமிலம் விட்டேன்.

அக்காவைப் பார்க்கச் சித்தூரிலிருந்து ரேணிகுண்டாவுக்குக் கிளம்பினேன். திருப்பதி வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். நான் கார்வேட்டிநகரம் வழியாகப் புத்தூர் பஸ் ஏறினேன். மலைகளைப் பார்க்க என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்ப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடத்தான் என்பது பஸ்ஸில் உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது.

ஆனால் மலைகள் மலைகள்தான். கார்வேட்டிநகரம் தாண்டியதும் எழுந்து வருகின்றன. அடிவாரம் சரிந்து புதரும் உருண்டைப் பாறையுமாக இருக்கும். உச்சியில் மட்டும் செங்குத்தாக வெட்டி நிறுத்திய சுவர். அந்தச் சுவர்தான் படிவுப் பாறை. ஒரு காலத்தில் கரையோரத்து மணல். ஒரு மலை உடைந்து கூழாங்கல்லாகி, கூழாங்கல் உரசி மணலாகி, மணல் தண்ணீரில் உருண்டு வந்து, தண்ணீர் களைத்த இடத்தில் இறங்கும். அதன்மேல் இன்னொரு படுகை. அதன்மேல் இன்னொன்று. மேலே இருக்கும் பாரம் கீழே இருப்பதை நெருக்கி ஈரத்தைப் பிழிந்துவிடும். கரைந்திருந்த சுண்ணாம்போ சிலிகாவோ மணலின் இடுக்குகளில் புகுந்து பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான், கல். தீ வேண்டாம். பாரமும் காலமும் போதும். அந்தப் பாறைகளில் சில இடங்களில், ஆழமில்லாத தண்ணீர் மணலில் போடும் அலைவரிகள் அப்படியே கல்லாகி நிற்கின்றன. ஸ்வர்ணமுகி ஆற்றில் வெள்ளம் வடிந்த மறுநாள் பார்க்கிற அதே வரிகள். முதன்முதல் அதைப் பார்த்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். எழுபது வயது தாண்டியும் எனக்கு அந்த மலைகள் பழகவில்லை.

இதைத்தான் வகுப்பில் வரிசைப்படுத்திச் சொல்லிக்கொடுத்தேன். உடைந்த துகள் சேர்ந்து ஆனது ஒரு வகை. அதைத் துகளின் பருமனை வைத்துப் பிரிக்கவேண்டும்: கூழாங்கல் சேர்ந்தால் ஒரு பெயர், மணலென்றால் மணற்கல், வண்டலுக்கு ஒன்று, விரலில் வைத்துத் தேய்த்தாலும் நெருடாத களிக்கு ஒன்று. இரண்டாம் வகை, தண்ணீரில் கரைந்திருந்தது பிரிந்து படிந்தது. மூன்றாவது, உயிர்கள் விட்டுப்போனது: கிளிஞ்சல், ஓடு, மக்கிய மரம். சுண்ணாம்புக்கல் சில சமயம் இரண்டாவதில் வரும், சில சமயம் மூன்றாவதில் வரும், இரண்டும் கலந்தும் வரும். அங்கேதான் மாணவர்கள் குழம்புவார்கள். எனக்கோ எந்தக் கல்லைக் கண்டாலும் அதற்கு ஒரு பெயர் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இருப்புக் கொள்ளாது.

அக்கா கதவைத் திறந்தாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நானே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். சமையலறையில் கெட்டிலில் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது. அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். கோபத்திலும் வந்தவருக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிடுவாள். டீயை என் முன்னால் வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

“பாட்டில எடுத்துக்கினு வந்தியா? சொல்லிடு. பீங்கான் சாமானெல்லாம் உள்ள வச்சிடறேன்.”

கொண்டு வரவில்லை என்றேன். பையில் இருந்தது வேறு. சித்தூரில் ஒரு கல் மேஸ்திரியிடம் வாங்கிய கடப்பைக் கல் துண்டு. எடுத்து மேசைமேல் வைத்தேன். அந்த மேஸ்திரியிடம் கறைக்கு வழி ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தேன். கீழ்ப்பாதியை மட்டும் இழைத்து மறுபடி பாலிஷ் ஏற்றலாம், ஆனால் அங்கே லேசாகப் பள்ளம் விழுந்து மழைத்தண்ணீர் நிற்கும் என்று அவர் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். இல்லாவிட்டால் நிஜ கிரானைட்டிலேயே புதுசாக ஒன்று வைத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

“அவரு பேர பேத்து எடுக்கறதுக்கு நீ யாருடா?”

அக்கா மேசையிலிருந்த கல் துண்டைக் கையில் எடுத்தாள். மேல்பக்கம்தான் பாலிஷ். உடைந்த ஓரத்தில் மெல்லிய மெல்லிய வரிகள் தெரிந்தன.

“கிரானைட்டு இல்லன்ன. இது இன்னாதான்?”

வாழ்நாளெல்லாம் இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவன் நான். அன்றைக்கு எழுந்து சமையலறைக்குப் போனேன். கெட்டிலை எடுத்துவந்து காட்டினேன். ரேணிகுண்டா போர்வெல் தண்ணீர் கொதித்துக் கொதித்து, உள்ளே வெள்ளையாக ஏடு கட்டியிருந்தது. நிலத்துக்குள் ஊறும் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது, கொதித்ததும் அதை விட்டுவிடுகிறது, அதுதான் அந்த ஏடு என்றேன். இந்தக் கல்லும் அப்படித்தான், ஒரு கடலின் அடியில், புயல்கூட எட்டாத ஆழத்தில், பொடியிலும் பொடியாகச் சுண்ணாம்புச் சேறு இறங்கி இறங்கி வந்தது. ஒவ்வொரு வரியும் ஒரு தடவை இறங்கியது, மேலே இருப்பதன் பாரத்தில் கீழே இருப்பது இறுகிக் கல்லானது. அந்தக் கடலில் வாழ்ந்து மடிந்த கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் மிச்சம்தான் அந்தக் கருப்பு. நான் வகை சொல்லவில்லை, பெயர் சொல்லவில்லை. எப்படி வந்தது என்பதை மட்டும் சொன்னேன்.

அவள் ஓரத்து வரிகளை நகத்தால் தடவிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப வாராவாரம் கெட்டிலுல புளி போட்டு நான் கொதிக்க வைக்கறேனே, நுரைச்சிக்கினு வந்து விட்டுடுமே, அதுவும்...”

“அதேதான்கா. புளியிலயும் அமிலம்தான்.”

“ஓ. நான் அடுப்பங்கரையில பண்றத, நீ அவரு தலைமாட்டுல பண்ணிக்கீற.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிச்சுடுக்கா என்றேன். அதைச் சொல்லத்தான் அத்தனை தூரம் போனேன். சொன்னபிறகு அது ரொம்பச் சின்னதாக இருந்தது. அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கல் துண்டைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. கிளம்பும்போது, நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குச் சித்தூர் வருவேன், வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். என்ன சொல்வாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த நவம்பரில் நல்ல மழை. முதல்நாள் பெய்தது காலையில்தான் விட்டது. தோட்டம் முழுக்கச் சேறு. அக்காவின் ஒரு கையை மகள் பிடித்திருந்தாள், மறு கையை என்னிடம் கொடுத்தாள். மாமாவின் கல்லுக்கு நேராகப் போகாமல், வழியில் பழைய கல்லறைகள் பக்கம் நின்றாள். மிஷன் காலத்துக் கற்கள். சிலது கிரானைட், எழுத்து நேற்று வெட்டியது போல இருந்தது. சிலது கடப்பைக் கல். அவற்றில் பாலிஷ் என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லை. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எழுத்து விரலால் தடவினால் மட்டும் தெரிந்தது.

“இதுவும் அந்தக் கல்லா?”

ஆமாம் என்றேன். மழைத்தண்ணீரிலும் துளியிலும் துளி அமிலம் இருக்கிறது, காற்றிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறது. நான் ஒரு நொடியில் செய்ததை மழை நூறு வருஷத்தில் செய்கிறது. போகப்போக மாமா கல்லும் முழுக்க இந்த நிறத்துக்கு வந்துவிடும், அப்போது அந்தத் திட்டு தனியாகத் தெரியாது. அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து அதைச் சொன்னேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப அவரு பேரும் பூடுமா?”

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஈஸ்டரன்று சும்மா இருந்திருக்க வேண்டிய இடத்தில் உண்மையைச் சொன்னேன். இன்று உண்மை வேண்டிய இடத்தில் பொய் சொன்னால் நான் எதற்கும் உதவாதவன்.

“பூடும்கா. ரொம்ப நாள் ஆவும். நம்மள தெரிஞ்சவங்க யாரும் அப்ப இருக்கமாட்டாங்க.”

அவள் மாமாவின் கல்லுக்கு நடந்தாள். ஏழெட்டு மாத வெயிலிலும் மழையிலும் அதன் கண்ணாடிப் பளபளப்பு கொஞ்சம் மங்கித்தான் இருந்தது. திட்டு அப்படியே இருந்தது. மகள் ஒரு பிளாஸ்டிக் பையைச் சேற்றில் விரித்து அவளுக்கு உட்கார இடம் பண்ணிக்கொடுத்தாள். நான் தள்ளி நின்றேன். புல்லட்டும் பீடியுமாக, என்னை ஒருநாளும் அவசரப்படுத்தாத மனிதரின் எதிரில் நிற்கிறோம் என்ற நினைப்பு வந்தது.

அக்கா பையிலிருந்து என் கல் துண்டை எடுத்தாள். அதை இத்தனை நாளும் வைத்திருந்திருக்கிறாள். ஓரத்து வரிகளைக் கல்லின் பக்கவாட்டோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு எக்ஸ்ரேக்களைச் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பது போல.

“ஒண்ணுமேல ஒண்ணா இறங்குனதுன்ன இல்ல?”

“ஆமாக்கா.”

“மேல இருக்கற பாரம்தான் கீழ இருக்கறத்த கல்லாக்குது.”

“பாரமும், நடுவுல ஒட்டறதும்.”

அவள் இடது கையை விரித்துத் திட்டின்மேல் வைத்தாள். கை கறையைச் சரியாக மூடியது. கையை எடுக்காமலே பேசினாள்.

“கிரானைட்டுல அவரு பேரு மட்டும் நிக்கறதுக்கு, இதுல ரெண்டு பேரும் சேந்தே தேஞ்சி போறது மேலுடா. என் பேர இங்கயே வெட்டச் சொல்லு. அந்தத் திட்டு மேலயே. இழைக்கறதெல்லாம் வாணாம், தண்ணி நிக்கும்.”

மகள் அழத் தொடங்கினாள். இன்னும் செத்துப்போகவில்லை, அழுகையை எடுத்து வை என்று அக்கா அதட்டினாள். பிறகு என்னிடம், எழுத்து எத்தனை பெரிசு வரும், ஒரே வரியில் அடங்குமா என்று கேட்டாள். நான் மண்டியிட்டு, மாமாவின் பெயர் எழுத்துகளை விரலால் அளந்து, அவள் பெயரின் முதலெழுத்து எங்கே தொடங்கவேண்டும் என்று காட்டினேன். திட்டின் இடது ஓரத்தில் தொடங்கினால் சரியாக இருந்தது. அங்கே ஒரு சாமந்தியைப் பிய்த்து இதழ் வைத்து அடையாளம் காட்டினேன். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்று அவள் அதை நகர்த்தினாள். அவர் பெயருக்கு நேர் கீழே வந்தது.

எழுந்தபோது என் வேட்டியின் முழங்காலில் சேறு. தட்டிவிடப் போனேன். “இப்ப தட்டாத, ஈரம். காய்ட்டும், உதிந்துடும்,” என்றாள் அக்கா. பிறகு, பகல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், ஹோட்டலில் ஏதாவது சாப்பிடலாம் வா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல் துண்டு மறுபடி அவள் பைக்குள் போனது.